பாவம் பார்க்காத விளையாட்டு

2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, பொரளை சரா ஓவலில் ஓர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. விழிப்புலனற்ற பெண்களுக்கான முதலாவது இருபது20 உலகக் கிண்ணம். நேபாளம் 114 ஓட்டங்கள் எடுத்தது, தீபிகா தலைமையில் வந்த இந்திய அணி 7 விக்கெட்டால் வென்றது. கொழும்பிலேயே இருந்துகொண்டு நான் போகவில்லை, அன்றைக்கு ஒரு கலியாண வீடு. அந்த வாரக் கடைசியிலேயே டித்வா புயல் வந்துவிட்டது, வெள்ளம், மண்சரிவு, பாடசாலைகள் மூடல், அதற்குப் பிறகு யாருக்குக் கிரிக்கெட் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்தப் போட்டியை மறக்காத ஓர் ஆசிரியர் வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருந்தார். அவருடைய வகுப்பில்தான் என் அக்காவின் மகன் படிக்கிறான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மருமகனுக்கு 15 வயது. அவனுக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும், பெரும்பாலும் முதலில் இருட்டில் பார்க்கும் திறன் போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். சில பேருக்கு அந்த வட்டம் வயது போகும்வரை நிற்கும், சில பேருக்குச் சின்ன வயதிலேயே மங்கிவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய காலத்தில் இவன் எங்கள் ஒழுங்கையில் இடக்கைத் துடுப்பாட்டக்காரன், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் அடித்து ஏச்சு வாங்குகிறவன். தரம் 7இல் பிடிக்கப் போன பந்துகள் கையில் படாமல் போகத் தொடங்கின. தரம் 9 வந்தபோது மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டான். இப்போது நடுப்பகலில் நேரே பிடித்துக் காட்டினால் பெரிய எழுத்துத் தெரியும், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் ஒன்றும் தெரியாது.

இந்த மாதிரிப் பார்வைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிறவியிலேயே கண் தெரியாத பிள்ளையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் காலையில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து ஒரு வரி வாசித்துவிட்டு, அடுத்த நிமிடம் நடுவழியில் கிடந்த கதிரையில் மோதி விழுகிறவனைப் பார்த்தால், பதின்ம வயதுப் பையன்களுக்கு முதலில் தோன்றுவது ‘இவன் நடிக்கிறான்’ என்பதுதான். அப்புறம் சோதனை தொடங்கும். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டுவது, “இது எத்தனை விரல் சொல்லு பார்ப்போம்” என்று கேட்பது, சத்தம் போடாமல் வழியில் நிற்பது. சரியாகச் சொன்னால் பொய்க்காரன், பிழையாகச் சொன்னால் சிரிப்பு. பார்வை குறைந்துகொண்டு போகும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த விரல் கதையைச் சொல்லும்.

இதற்கு மறுபக்கத்தில் நிற்பது ‘பாவம்’. உடற்கல்விப் பாடவேளையில் அவனுக்குக் கொடுத்த வேலை பைகளுக்குக் காவல் இருப்பது. இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் கூடாரத்துக்குள் அதிதிகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, ஒரு சோடா. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, வெயிலில் விழுந்து எழும்பாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். இன்னொன்றும் உண்டு, நம்மவர்களுக்கு விழிப்புலனற்ற பிள்ளை என்றாலே பாடும் என்று ஒரு முடிவு. பரிசளிப்பு விழாவுக்கு அவனைத் தேவாரம் பாடச் சொன்னார்கள். இவனுக்குச் சுருதி நிற்காது, எங்கள் வீட்டில் யாருக்குமே நிற்காது. பாடினான், எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து “மாமா, நான் கேவலமாப் பாடினனான், ஏன் கை தட்டினவை?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல மனம் வரவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். விழிப்புலனற்றோர் விளையாட்டில் முதல் வேலையே இந்த ‘தெரியுமா, தெரியாதா’ சண்டையைத் தீர்த்துவைப்பதுதான். ஆட்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். பி1 என்றால் ஒன்றுமே தெரியாது, அல்லது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பி2 என்றால் மிகக் கொஞ்சம் தெரியும், அல்லது பார்வை வட்டம் நடுவிலிருந்து 5 பாகைக்குள் சுருங்கிவிட்டது. பி3 அதைவிடக் கொஞ்சம் மேல், அதாவது நல்ல கண்ணுக்கு 60 மீற்றரில் தெரிவது இவர்களுக்கு 6 மீற்றருக்குள் வந்தால்தான் தெரியும், அல்லது வட்டம் 20 பாகைக்குள். கை நீட்டி விரிந்த விரல்களைப் பாருங்கள், பெருவிரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஏறத்தாழ 20 பாகை. நடுவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் அவ்வளவுதான் உலகம். இந்தக் கணக்கில் மருமகன் பி2. இதை வகுப்பாசிரியர் ஒருநாள் படம் வரைந்து விளக்கியதோடு விரல் சோதனை பெரும்பாலும் நின்றுவிட்டதாம். ஒருவனுக்குப் பாதி தெரிவது பொய்யில்லை, அதற்கு ஒரு பெயரும் அளவும் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பையன்கள் விட்டுவிடுவார்கள்.

விழிப்புலனற்றோர் கிரிக்கெட் பிறந்தது 1922இல், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த விழிப்புலனற்ற இரண்டு பேர், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டு உருட்டி விளையாடத் தொடங்கினார்கள். 1928இல் அதே நகரத்தில் இதற்கென்றே ஒரு மைதானம் வந்துவிட்டது. முதல் உலகக் கிண்ணம் 1998இல் டெல்லியில், இலங்கையும் சேர்த்து ஏழு நாடுகள் ஆடின, தென்னாபிரிக்கா வென்றது. பெண்களுக்கு உலகக் கிண்ணம் வர இன்னும் 27 வருடம் எடுத்தது.

எனக்கு வரலாற்றைவிட விதிகள்தான் சுவாரசியம், ஏனென்றால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பந்து கடினமான வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே இரும்புக் குண்டுமணிகள், உருண்டால் கலகலவென்று சத்தம். பந்துவீச்சாளர் கையைக் கீழால் கொண்டுவந்துதான் வீச வேண்டும், பந்து ஆடுகளத்தின் பாதித் தூரத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது நிலத்தில் பட வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் கேட்காது. வீசுவதற்கு முன் “ரெடி?” என்று கேட்க வேண்டும், துடுப்பாட்டக்காரர் “யெஸ்” என்ற பிறகு “ப்ளே” என்று சொல்லிவிட்டுத்தான் கையை விடலாம். பந்து தாழ்வாக வருவதால் முழங்காலை மடக்கி ஸ்வீப் அடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் முக்கியமான அடி. பி1 ஆளுக்கு ஓடுவதற்கு வேறொருவர் உண்டு. பி1 களத்தடுப்பாளர் ஒரு குத்துக் குத்தி வந்த பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்புத்தான். பி1 அடித்த ஓட்டங்கள் எல்லாம் இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும். கடைசியாக, பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1, மூன்று பேர் பி2, பி3 நான்கு பேருக்கு மேல் கூடாது.

இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத நான்கு பேர் இல்லாவிட்டால் அந்த அணி மைதானத்துக்குள்ளேயே இறங்க முடியாது. அவர்களில் ஒருவர் நன்றாக அடித்தால் அந்த நாலு ஓட்டம் எட்டாகும், ஆகவே மற்ற ஏழு பேரும் அவரைத் தேடிப்பிடித்துப் பழக்கியே ஆக வேண்டும். ‘நீயும் வா, பாவம் தனிய இருக்கிறாய்’ என்று கூப்பிடுவதற்கும், ‘நீ வராவிட்டால் நாங்கள் தோற்போம், எங்கே இருந்தாய் இவ்வளவு நேரம்’ என்று கேட்பதற்கும் இருக்கிற தூரத்தை யாரோ விதிப்புத்தகத்தில் எழுதியே கடந்துவிட்டார்கள். அந்தத் தூரம்தான் ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கு எல்லாமே என்று நான் நினைக்கிறேன்.

ஓவலில் நடந்ததைப் பற்றி அந்த ஆசிரியர் வகுப்பில் சொன்னது இந்த விதிகளைத்தான். ஜனவரியில் புதிய தவணை தொடங்கியதும், பையன்கள் தாங்களாகவே ஒன்றைச் செய்தார்கள். உள்ளே மணி போட்ட பந்துக்கு எங்கே போவது? டெனிஸ் பந்து ஒன்றைச் சொப்பின் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். தரையில் உருண்டால் சரசரவென்று கேட்கும். இரண்டு ஓவருக்கு ஒரு பை கிழியும், ஆகவே ஆளுக்கு ஐந்தாறு பை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. என் அக்காவின் குசினியில் கதவுக்குப் பின்னால் தொங்கிய பை மூட்டை ஒரு கிழமையில் காலியாகிவிட்டது. துடுப்பெடுத்து நிற்கிறவன் யாராக இருந்தாலும் பாடசாலை டையைக் கழற்றிக் கண்ணைச் சுற்றிக் கட்ட வேண்டும். மருமகனும் கட்டுகிறான். மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சப் பார்வை பந்தைத் தேடிக் குழப்புகிறதாம், கட்டினால்தான் காது சரியாக வேலை செய்கிறது என்கிறான்.

நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பாடசாலை கடல் பக்கம், ஒரு மதில் தாண்டினால் ரயில் பாதை. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். “ரெடி?” என்று கேட்டவன் அப்படியே கையில் பந்தோடு நிற்பான், பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் கடகடவென்று போய் முடிந்து, கடைசிப் பெட்டியின் சத்தம் தேய்ந்து, காகம் கரைகிற சத்தம் திரும்பிக் கேட்ட பிறகு, “யெஸ்”. அந்தப் பக்கம் காலி வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் எல்லோரும் சேர்ந்து முகத்தைச் சுளிக்கிறார்கள். நாற்பது பையன்கள் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்மாரைக் கேளுங்கள், அதிபர் பிரம்போடு வந்தாலும் அடங்காத கூட்டம். அந்தக் கூட்டம் ஒரு பந்து உருளுகிற சத்தத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒருவன் மறந்துபோய்ச் சிரித்ததற்கு அவனை இரண்டு ஓவருக்கு வெளியே அனுப்பினார்கள்.

டையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களில் வகுப்பின் நட்சத்திரத் துடுப்பாட்டக்காரன், பாடசாலை அணிக்கு ஆடுகிறவன், முதல் நான்கு பந்தையும் காற்றில்தான் அடித்தான். மருமகன் மூன்று வருடமாகக் காதால் உலகத்தை அளந்து பழகியவன், முழங்காலை மடக்கிக் கூட்டி அள்ளினான், பை கிழிந்து பந்து தனியாக ஓடியது. சத்தம் இல்லாத பந்தை யாராலும் தேட முடியவில்லை. கிழிந்த பந்துக்கு என்ன கணக்கு என்று கால்மணி நேரம் சண்டை.

அடுத்த ஓவரில்தான் விஷயம் நடந்தது. எதிர்முனையில் நின்றவன் “வா” என்று கத்தினான், இவன் தயங்கினான், அவன் ஆட்டமிழந்தான். வந்தவன் டையைக் கழற்றி நிலத்தில் எறிந்துவிட்டு, “டேய் மடையா, வா எண்டால் வரவேணும்டா! உன்னால இண்டைக்குத் தோக்கப் போறம்!” என்று முகத்துக்கு நேரே ஏசினான். மதிலோரம் நின்ற அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது, போய்ப் பேசவே தயாரானாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்த ஏச்சை மருமகன் மூன்று தடவை சொன்னான், ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சிரித்து. மூன்று வருடத்தில் அவனை யாரும் அப்படி ஏசவில்லை.

ஏன் இது வேலை செய்கிறது என்று கேட்டால் அதற்குப் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் சொன்னது. வேறுபட்ட இரண்டு கூட்டத்தாரை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் தப்பெண்ணம் போய்விடாது. இருவரும் அந்த இடத்தில் சம அந்தஸ்தோடு இருக்க வேண்டும், ஒரே இலக்குக்காக உழைக்க வேண்டும், ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட வேண்டும், மேலே இருக்கிற அதிகாரம் அதற்கு ஆதரவு தர வேண்டும். அவர் இனத்தையும் நிறத்தையும் வைத்துப் பேசினார், ஆனால் எங்கள் வகுப்பறைக்கும் அப்படியே பொருந்துகிறது. மருமகன் அதே நாற்பது பேரோடு அதே வகுப்பறையில் மூன்று வருடம் இருந்தான், ஒன்றும் மாறவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவன் அவனுக்கு நோட்ஸ் வாசித்துக் காட்டினான், அது உதவி, நல்ல மனதோடு செய்த உதவி. ஆனால் உதவி எப்போதும் ஒரு பக்கமாகத்தான் ஓடியது. வாங்குகிறவனாகவே ஒரு பிள்ளையை வைத்திருந்தால் அவன் நண்பனாக முடியாது. பையன்களின் நட்பு என்பது கொடுக்கல் வாங்கல், கடன், சண்டை, ஏச்சு எல்லாம் சேர்ந்ததுதானே.

இதே காரணத்தால்தான் ‘சும்மா ஜெயிக்க விடுவது’ எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. பல பாடசாலைகளில் இது நடக்கிறது, விசேட தேவையுள்ள பிள்ளைக்கென்று ஒரு ஓட்டம், எல்லோருக்கும் முதற் பரிசு. மெதுவாகப் போட்ட பந்தா, சரியாகப் போட்ட பந்தா என்று கண் தெரியாத பிள்ளைக்குச் சத்தத்திலேயே தெரியும். பரிசைக் கையில் வாங்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று, தேவாரத்துக்குக் கை தட்டியதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிரிக்கெட் மட்டும்தான் என்றில்லை. கோல்போல் என்று ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்து விழிப்புலனற்றவர்களுக்காகவே அடியிலிருந்து உருவாக்கிய விளையாட்டுகளில் இதைப் போல அழகானது வேறில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணை இழந்த சிப்பாய்களுக்காக 1946இல் ஓர் ஆஸ்திரியரும் ஒரு ஜெர்மானியரும் உருவாக்கியது, 1976 டொரொன்டோவிலிருந்து பராலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலமுள்ள தளம், பக்கத்துக்கு மூன்று பேர், தளத்தின் முழு அகலத்துக்கும் கோல் கம்பம். ஒண்ணேகால் கிலோ பந்துக்குள் மணிகள். எறிகிற பந்தை எதிரணியினர் உடம்பை நீட்டிப் படுத்துத் தடுக்க வேண்டும். எல்லோரும் கண்ணைக் கறுப்பாக மூடியிருக்க வேண்டும், ஆட்டம் நடக்கும்போது அனுமதி இல்லாமல் அதைத் தொட்டாலே தண்டனை. கோடுகளுக்கு அடியில் நூல் வைத்து மேலே டேப் ஒட்டியிருப்பார்கள், கையாலும் காலாலும் தடவி எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். எல்லோர் கண்ணும் மூடியிருக்கிறபடியால் பி1, பி2, பார்வையுள்ளவன் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒரு மண்டபம், ஒரு சுருள் டேப், கொஞ்சம் நூல், ஆறு துணித்துண்டு, ஒரு மணிப்பந்து இருந்தால் கொழும்பில் எந்தப் பாடசாலையும் மழைக்காலத்தில்கூட இதை நடத்தலாம்.

சதுரங்கம் இன்னும் லேசு, ஏனென்றால் அங்கே பாடசாலைகளில் ஏற்கெனவே கழகமும் போட்டியும் இருக்கின்றன. விழிப்புலனற்றவருக்குத் தனிப் பலகை: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காய்களின் அடியில் ஆணி, கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கும், கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சின்ன முனை. எதிராளி தன் சாதாரணப் பலகையில் ஆடுவார், இருவரும் நகர்வை வாயால் சொல்லிக்கொள்வார்கள். எழுத்துகள் காதில் குழம்பாமல் இருக்க ஆனா, பெல்லா, சீசர், டேவிட் என்று பெயர் சொல்லியே அழைப்பார்கள். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதல்லவா, தடவிப் பார்க்காமல் இவரால் ஆட முடியாது, ஆகவே துளையிலிருந்து தூக்கினால்தான் தொட்டதாகக் கணக்கு. ஒரே ஒரு விதியில் சின்ன மாற்றம், அதற்குப் பிறகு வெள்ளைக்கும் கறுப்புக்கும் யாரும் இரக்கம் காட்டுவதில்லை.

ஓட்டத்தில் வழித்துணையோடு ஓடலாம். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும், வழித்துணை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, எல்லைக் கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் தாண்ட வேண்டும். இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் மருமகன் 100 மீற்றர் ஓடினான், வழித்துணை அன்றைக்கு ஏசிய அதே பையன். ஓட்டத்தைவிடப் பெரிய சண்டை அதற்கு முன்னால் நடந்தது: அவன் ஓடுவது இல்லத்தின் புள்ளிக்கணக்கில் சேருமா, சேராதா? சேராது என்றால் ஓட மாட்டேன் என்று இவன் நின்றுவிட்டான். எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடித்திருந்தது. கடைசியில், முன்பே எடுத்த தன் சொந்த நேரத்தைவிட எவ்வளவு குறைக்கிறானோ அதற்கேற்ற புள்ளி என்று முடிவானது. குறைத்தான், இல்லத்துக்கு இரண்டு புள்ளி. அந்த இல்லம் ஒட்டுமொத்தத்தில் மூன்றாமிடம்தான்.

இது எல்லாப் பாடசாலையிலும் ஏன் நடக்கவில்லை? சட்டம் இல்லாமல் இல்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அனுமதி மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும், மைதானத்தில் இறக்கிவிடு என்று சொல்லாது. அதிபர்மார் பயப்படுவது ஒரே கேள்விக்குத்தான்: “விழுந்து ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?” அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் பார்வையுள்ள பிள்ளைகள் ரக்பியில் எலும்பை முறித்துக்கொண்டு வரும்போது அதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. கொழும்பில் மைதானமே இல்லாத தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன, இருக்கிற இடத்திலும் வாகனச் சத்தம். அப்புறம் டியூஷன், சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்றால் விளையாட்டை முதலில் வெட்டுவது பெற்றோர்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விழிப்புலனற்ற பிள்ளைக்கென்று தனிப் பாடசாலை இருக்கிறதே என்ற எண்ணம். 1912இல் மேரி சாப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் இன்றும் இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைதடியில் 1956இலிருந்து நஃபீல்ட் பாடசாலை, சுன்னாகத்தில் வாழ்வகம். இவை செய்த, செய்கிற வேலையைக் கும்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், பிரெயிலும் வெள்ளைப் பிரம்பும் கற்றுக்கொள்ள வேறு வழி இல்லாத காலத்தில் எத்தனை பேரை ஆளாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் கைதடிப் பேச்சு வந்தது. அக்கா ஓர் இரவு முழுக்க அழுதாள், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் தவணைக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம். அவன் போயிருந்தாலும் நன்றாக ஆடியிருப்பான், தன்னைப் போன்ற பிள்ளைகளோடு சமமாக ஆடியிருப்பான். ஆனால் வெள்ளவத்தையில் டை கட்டிக்கொண்டு தடுமாறிய அந்த நாற்பது பேருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஆட்கள் வீடுகளில் கண் தெரியாத மகனைக்கூடக் கடைசியில் வெளியே விடுவார்கள், மகளை விட மாட்டார்கள். தனியே கடைக்குப் போவதில்லை, கடற்கரைக்குப் போவதில்லை, ஓடுவது என்ற பேச்சே இல்லை. ஓடாமல் வளர்ந்தால் உடம்பு சமநிலையே தப்பும், நடையில் தயக்கம் வரும், தயக்கத்தைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் பூட்டுவோம். அதனால்தான் ஓவலில் நடந்த அந்தப் போட்டி எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது, பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கியது, 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய இடம், முரளி பந்து சுழற்றிய கழகம். அதே புல்லில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று ஆறு நாடுகள் பங்கெடுத்த கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை விழிப்புலனற்ற பெண்கள் ஆடினார்கள், அதைப் பார்க்க எத்தனை தமிழ்ப் பெற்றோர் தங்கள் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு போனோம்? கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் ஓட்டோவில் போகிற தூரம்தான். நானே போகவில்லை, யாரை ஏசுவது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இருட்டிய பிறகு பையன்கள் காலிமுகத்திடலுக்குப் போகும்போது இவனைக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள், சில நாட்களில் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் எப்படிக் கூட்டிப்போவது என்று இப்போது தெரிந்திருக்கிறது: தோளைப் பிடித்துத் தள்ளாமல், தன் முழங்கையை இவன் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, அரை அடி முன்னால் நடக்கிறார்கள். படி வந்தால் “படி” என்று ஒரு சொல். அதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, 100 மீற்றர் பழகும்போது கயிற்றில் வந்த பழக்கம். வட்டம் இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த வருடம் பி1 ஆகிவிடலாம். அதை அவன் என்னிடம் சொன்ன விதம்: “மாமா, அப்ப என்ர ரன் எல்லாம் டபிள்.” அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

இந்தச் சனிக்கிழமை பக்கத்துப் பாடசாலையோடு பை கட்டிய பந்தில் ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். நடுவர் இல்லையாம், என்னை நிற்கச் சொல்லியிருக்கிறான். பத்து சொப்பின் பை கொண்டுவர வேண்டும், தடித்த பையாக இருந்தால் நல்லது. “ப்ளே” என்று சொன்ன பிறகு நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாதாம்.